அழித்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நீங்கள் செய்த ஒரு காரியத்தை, அது நடக்கவே இல்லை என்பதுபோலத் திரும்ப எடுத்துவிட முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தக் காரியத்துக்கு நீங்கள் பொறுப்பா, இல்லையா?

"அதான் நடக்கவே இல்லையே, அப்புறம் என்ன பொறுப்பு?" என்று சொல்லத் தோன்றும். ஆனால் யோசிக்க யோசிக்க அந்தப் பதில் அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை. இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு வீடியோ கேமிலிருந்து. "கேம்ல என்னப்பா தத்துவம் இருக்கு?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

ஒரே ஒரு பொத்தான்

அந்த கேமின் பெயர் 'பிரெய்ட்'. சடைப் பின்னல் என்று பொருள். 2008 ஆகஸ்ட்டில் எக்ஸ்பாக்ஸ் 360இல் வெளியானது. அடுத்த ஆண்டு கணினிக்கும் வந்தது. ஜொனத்தன் புளோ என்ற அமெரிக்கர் வடிவமைத்து நிரலும் எழுதினார். டேவிட் ஹெல்மன் ஓவியம் வரைந்தார். பெரிய நிறுவனத்தின் நூறு பேர் கொண்ட குழு எதுவும் இல்லை. புளோ தன் சொந்தக் காசைப் போட்டு ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். இன்று 'இண்டி கேம்' என்று சொல்கிறோமே, அந்த வகை உலகம் முழுக்கப் பேசப்பட்டதில் இந்த ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2024இல் இதன் புதுப்பித்த பதிப்பும் வந்தது.

பார்ப்பதற்கு மாரியோ மாதிரிதான் இருக்கும். ஓடணும், தாவணும், எதிரி தலையில் குதிக்கணும், பள்ளத்தில் விழக்கூடாது, கடைசியில் இளவரசியைக் காப்பாற்றணும். நாயகன் பெயர் டிம். கோட்டும் டையும் போட்ட சின்ன உருவம். ஆனால் மாரியோவில் பள்ளத்தில் விழுந்தால் ஓர் உயிர் போய்விடும். பிரெய்டில் உயிர் என்ற கணக்கே கிடையாது. விழுந்தாலும் எதிரியிடம் மாட்டினாலும் ஆட்டம் அப்படியே நின்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். கணினியில் அது ஷிஃப்ட் விசை. அழுத்திப் பிடித்தால் காலம் பின்னோக்கி ஓடும். விழுந்த டிம் மேலே எழும்புவான், செத்த எதிரி உயிர் பெறுவான், இசைகூடத் தலைகீழாக ஒலிக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். கட்டணமும் இல்லை, தண்டனையும் இல்லை.

ஒரே ஒரு உத்திதான். ஆனால் அந்த ஒன்றையே இந்த ஆட்டம் பல பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. ஆட்டம் இரண்டாம் உலகத்தில் தொடங்குகிறது. அங்கே எல்லாமே பின்னோக்கிப் போகும். மூன்றாம் உலகத்தில் சில பொருள்கள் பச்சையாக ஒளிரும். நீங்கள் காலத்தைத் திருப்பினாலும் அவை திரும்பாது, தம் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். நான்காம் உலகத்தில் காலம் உங்கள் காலடியோடு கட்டப்பட்டிருக்கும். வலப்பக்கம் நடந்தால் காலம் முன்னே போகும், இடப்பக்கம் நடந்தால் பின்னே வரும், நின்றால் நிற்கும். ஐந்தாம் உலகத்தில் நீங்கள் ஒரு செயலைத் திரும்ப எடுத்தால், அந்த அழிக்கப்பட்ட செயல் ஒரு நிழல் உருவமாக எழுந்து அதே காரியத்தைச் செய்துகொண்டு போகும். ஆறாம் உலகத்தில் ஒரு மோதிரம். அதைக் கீழே வைத்தால் அதன் பக்கத்தில் காலம் மெதுவாகும். இந்த ஐந்து உலகங்களில் உலகத்துக்குப் பன்னிரண்டாக மொத்தம் 60 துண்டுகளைச் சேர்த்துப் படங்களைப் பூர்த்தி செய்யவேண்டும். அப்புறம்தான் முதலாம் உலகத்துக்குக் கதவு திறக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் சமய வகுப்பில் வினையை மூன்றாகப் பிரித்துச் சொல்லித்தந்தது பலருக்கு நினைவிருக்கும்: சேர்த்து வைத்த சஞ்சிதம், அனுபவிக்கத் தொடங்கிவிட்ட பிராரத்தம், இனி சேரப்போகும் ஆகாமியம். வில்லைவிட்டுப் புறப்பட்ட அம்பு என்று பிராரத்தத்துக்கு உவமை சொல்வார்கள். மூன்றாம் உலகத்தின் அந்தப் பச்சைப் பொருள்களைப் பார்த்தபோது எனக்கு அந்த அம்புதான் ஞாபகம் வந்தது. புளோ அதை நினைத்து வைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. பார்க்கிறவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணால்தானே பார்ப்பான்!

திரும்ப எடுப்பதில் என்ன தப்பு?

ஆட்டத்தின் தொடக்கத்தில் சில புத்தகங்கள் திறந்து கிடக்கும். அவற்றில் டிம் ஏன் இளவரசியைத் தேடுகிறான் என்று எழுதியிருக்கும். அவன் ஏதோ ஒரு பிழை செய்துவிட்டான், அவள் விலகிவிட்டாள். அவன் ஏங்குவது இதற்குத்தான்: சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் எப்படி இருக்கும்? பாதிப்பு போய்விடும், பாடம் மட்டும் நம்மிடம் தங்கும். அந்த உலகத்துக்குக் காலமும் மன்னிப்பும் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார் புளோ.

இந்த ஏக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். நான் கட்டுமானப் பொறியியல் படிக்கிறேன். கணினியில் ஒரு கட்டட வரைபடம் போடும்போது கண்ட்ரோல்-இசட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட வேலை ஓடாது. தைரியமாக ஒரு கோடு போட்டுப் பார்க்கிறோம் என்றால், அதை அழிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். விமானிகள் முதலில் பொய் விமானத்தில் உட்கார்ந்து பத்துத் தடவை விழுந்து பழகுகிறார்கள். விழுந்தால் ஒன்றும் ஆகாத இடம் ஒன்று இருந்தால்தான் மனிதன் கற்றுக்கொள்வான்.

நம் வீடுகளிலும் இதை யோசிக்கவேண்டும். எஸ்பிஎம்மில் ஒரு பாடம் சறுக்கினால் "உன் வாழ்க்கையே போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை என்ன செய்யும்? தேர்வை மறுபடி எழுதலாம், படிப்பை மாற்றலாம், வேலையை மாற்றலாம். திரும்பி வர வழி உள்ள இடத்தில் 'வழியே இல்லை' என்று பயமுறுத்துவது பெரிய பாவம். அந்த வகையில் பிரெய்டின் ஷிஃப்ட் விசை எனக்குப் பிடித்திருக்கிறது. அது கருணையான விசை.

ஆனால் கட்டுமானத் தளத்துக்குப் போனால் கதை வேறு. கான்கிரீட்டை ஊற்றிவிட்டால் ஊற்றினதுதான். சில மணி நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும். ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் மாதிரிக் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பார்கள். போதவில்லை என்று தெரிந்தால் அங்கே கண்ட்ரோல்-இசட் கிடையாது. உடைக்கணும், இல்லையென்றால் தாங்கு கொடுத்துப் பலப்படுத்தணும். இரண்டுக்கும் செலவு உண்டு. யாரோ ஒருவர் அந்தச் செலவை ஏற்கணும்.

இங்கேதான் என் கேள்வி சரியான வடிவத்துக்கு வருகிறது. ஒரு பிழையைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்பது போதாது. அந்தப் பிழையின் கனம் யார் மேல் விழுந்தது என்று கேட்கவேண்டும். என் வரைபடத்தில், என் நேரத்தில், என் மதிப்பெண்ணில் விழுந்தால் நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். இன்னொரு மனிதர் மேல் விழுந்துவிட்டால்?

"அதான் டிலீட் பண்ணிட்டேன்ல"

பல்கலைக்கழகத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். பொங்கல் விழாவுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எண்பது பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். நன்கொடைக் கணக்கு வரத் தாமதமானது. ஒரு சீனியர் அண்ணன் குழுவிலேயே அந்தப் பொறுப்பில் இருந்த முதலாம் ஆண்டு தங்கச்சியைக் கேள்வி கேட்டார். கேள்வியோடு விடவில்லை, அவளுடைய அப்பாவை இழுத்து ஒரு வரி எழுதினார். அவள் குடும்பத்தின் கஷ்டம் சிலருக்குத் தெரியும். அந்த வரியைப் படித்த எல்லாருக்கும் அதன் அர்த்தம் புரிந்தது. கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்தது. பணம் முந்தின நாளே வங்கியில் கட்டப்பட்டிருந்தது, ரசீதை இன்னொருவர் வைத்திருந்தார். அண்ணன் உடனே அந்தச் செய்தியை அழித்தார். மறுநாள் யாரோ இதைப் பற்றிக் கேட்டபோது, "அதான் டிலீட் பண்ணிட்டேன்ல, இன்னும் என்ன?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஜூனியர் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் காரை எடுக்கிற முதல் ஆள் அவர்தான். அதனால்தான் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல மனிதர் ஒருவர், அழித்துவிட்டால் நடக்கவில்லை என்றே மனதார நம்பினார். அந்தத் தங்கச்சி ஒன்றுமே சொல்லவில்லை. விழா முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டுச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டாள்.

வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழித்தாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். பிரெய்டின் ஐந்தாம் உலகத்தில் வரும் நிழல் மாதிரிதான் அது. நீங்கள் அழித்ததே ஒரு உருவமாக எழுந்து நடக்கும். திருவள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் தீயால் சுட்ட புண்ணையும் நாக்கால் சுட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது ஆறும், எது ஆறாது என்று சொன்னது நம் எல்லாருக்கும் தமிழ்ப்பள்ளியிலேயே மனப்பாடம். நாக்குக்குப் பதில் விரல் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொறுத்தல் என்றால் சுமத்தல்

'மன்னிச்சிடு' என்று சொல்லும்போது நாம் என்ன கேட்கிறோம்? பல நேரங்களில் ஷிஃப்ட் விசையைத்தான் கேட்கிறோம். "நான் கேட்டுட்டேன், நீ சரின்னு சொல்லிடு, விஷயம் முடிஞ்சிடும்." வீட்டுச் சண்டைகளிலும் இதுதான் நடக்கிறது. "அவன்தான் மன்னிப்புக் கேட்டுட்டானே, நீ ஏன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்று காயப்பட்டவரைத்தான் கேட்கிறோம். காயப்படுத்தியவர் தப்பித்துக்கொள்வார், காயப்பட்டவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

ஆனால் தமிழில் மன்னிப்பதற்கு இன்னொரு சொல் இருக்கிறது. பொறுத்தல். 'பிழை பொறுத்தருள்க' என்று விழா அழைப்பிதழ்களில்கூட அச்சடிக்கிறோம். பொறை என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள், சுமை என்றும் பொருள். 'பொறுப்பு' என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். அதாவது பிழையைப் பொறுக்கிறவர் அதைக் காணாமல் செய்துவிடுவதில்லை. அவர் அதைத் தூக்கிக்கொள்கிறார்.

என் படிப்பில் முதல் ஆண்டிலேயே ஒரு விஷயத்தைத் தலையில் அடித்துச் சொல்லித்தருவார்கள். சுமை எங்கும் மறையாது. தளத்தின் மேல் நூறு பேர் நின்றால் அந்தக் கனம் தளத்திலிருந்து உத்தரத்துக்குப் போகும், உத்தரத்திலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து அடித்தளத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. எங்கே போகிறது என்று உன் கணக்கில் தெரியவில்லை என்றால் நீ எங்கேயோ தப்பு செய்திருக்கிறாய். 'இந்தச் சுமை கரைந்துவிட்டது' என்று எழுதினால் விரிவுரையாளர் சிவப்புப் பேனாவால் பெரிய வட்டம் போடுவார்.

மனிதருக்கு நடுவிலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அண்ணன் அழித்த வரியின் கனம் கரையவில்லை. எண்பது பேர் படித்த சொல்லை அந்தத் தங்கச்சி தனியாகத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்ப எடுப்பதற்கு ஒரு ஆள் போதும். பொறுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். அதில் கஷ்டமான வேலை தப்பே செய்யாதவருடையது. இது புரிந்தபின் 'மன்னிச்சிடு' என்ற சொல்லை நாம் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டோம் என்று நினைக்கிறேன். 'எனக்காக இதைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வாயா?' என்றல்லவா நாம் கேட்கிறோம்! அதற்கு 'இப்போது முடியாது' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொறையுடைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். ஆனால் அது காயப்பட்டவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவேண்டிய அறம். காயப்படுத்தியவர் கையில் எடுத்து, "திருக்குறளே பொறுக்கச் சொல்லுது" என்று எதிராளி மேல் வீசுவதற்கு அது கல் இல்லை.

கடைசி உலகம்

இப்போது பிரெய்டின் முதலாம் உலகத்துக்கு வருவோம். ஆட்டத்தை இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம், முடிவைச் சொல்லப்போகிறேன்.

இங்கே காலம் இயல்பாகவே பின்னோக்கி ஓடுகிறது. கடைசிக் கட்டத்தில் முரட்டு வீரன் ஒருவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவள் திமிறிக்கொண்டு உதவி கேட்டு ஓடுகிறாள். மேலே அவள் ஓட, கீழே டிம் ஓடுகிறான். பின்னால் நெருப்பு துரத்துகிறது. டிம்முக்குத் தடை வந்தால் அவள் விசையை இழுத்து வழி திறக்கிறாள். அவளுக்குத் தடை வந்தால் டிம் உதவுகிறான். ஒருவழியாக அவள் வீட்டு ஜன்னலுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ஒன்றும் நடப்பதில்லை. செய்ய மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அத்தனை நேரம் நம்பியிருந்த அதே விசை. அழுத்துகிறோம்.

இப்போது காலம் சரியான திசையில் ஓடுகிறது. இளவரசி படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே டிம் நிற்கிறான். அவள் விழித்துப் பார்த்துப் பயந்து ஓடுகிறாள். அவள் இழுக்கும் விசைகள் டிம்மை மறிப்பதற்காக. டிம் துரத்துகிறான். கடைசியில் அவள் உதவிக்குக் கூப்பிட, அந்த வீரன் இறங்கி வந்து அவளைக் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். டிம் கீழே தனியாக நிற்கிறான்.

காட்சி ஒன்றுதான். ஆனால் அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், காப்பாற்ற வந்தவன் துரத்த வந்தவன். இத்தனை நேரமும் காலத்தையே வளைக்கும் சக்தி டிம்மிடம் இருந்தது. ஒருமுறைகூட அவளைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கவேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை. எனக்கு இதுதான் இந்த ஆட்டம் சொல்லும் பெரிய விஷயம். பிழையை நாமே அழித்துக்கொள்ள முடியும் என்றால், பிழை யாருக்கு நேர்ந்ததோ அவர் முகத்தைப் பார்க்கும் தேவையே நமக்கு இல்லாமல் போய்விடும். விசை கருணையானதுதான். ஆனால் அது நம்மைத் தனியாக்கிவிடுகிறது.

பசு கேட்ட கேள்வி

இதே கேள்வியை நம் பெரியபுராணம் வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதை. இளவரசன் தேரின் காலில் ஒரு கன்று சிக்கிச் செத்துப்போகிறது. தாய்ப்பசு வந்து அரண்மனை மணியை அடிக்கிறது. இதெல்லாம் நாம் சின்ன வயதில் கேட்டது. ஆனால் நடுவில் வரும் ஓர் இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

அமைச்சர்கள் அரசனிடம் ஒரு வழி சொல்கிறார்கள். பசுவதைக்கு நூல்களில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்கிறார்கள். பிழை நீங்கிவிடும், இளவரசனும் பிழைப்பான். அரசன் திருப்பிக் கேட்பதன் சாரம் இதுதான்: கன்றை இழந்து கதறுகிற இந்தப் பசுவின் நோய்க்கு உங்கள் பிராயச்சித்தம் மருந்தாகுமா?

அந்தக் கேள்விக்கு அமைச்சர்களிடம் சரியான பதில் இல்லை. அவர்கள் கணக்குப் பார்த்தது செய்தவனுடைய பாவத்தை. அரசன் கணக்குப் பார்த்தது பசு தூக்கிக்கொண்டு நிற்கும் சுமையை. அரசன் அதற்குப்பின் தன் மகனையே தேர்க்காலில் இட்டது சரியா என்று இன்று நாம் வாதம் செய்யலாம். எனக்கும் அது நெஞ்சை உறுத்துகிறது. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி.

முடிவையும் கவனியுங்கள். சிவபெருமான் வீதியில் தோன்ற, கன்று எழுகிறது, அமைச்சன் எழுகிறான், இளவரசன் எழுகிறான். எல்லாமே பின்னோக்கிப் போகிறது! ஷிஃப்ட் விசை அழுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதை அழுத்தியது செய்தவனும் அல்ல, அவனுடைய அப்பாவும் அல்ல. திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே இல்லாத இடத்தில்தான் அது அருளாக வருகிறது. அது வரும் என்று எதிர்பார்த்து யாரும் தேரோட்டக்கூடாது.

"அப்படின்னா பரிகாரம், அர்ச்சனை எல்லாம் எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. பரிகாரம் செய்தவனை மாற்றலாம், அவன் மனதைக் கழுவலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குப் போய்விட்டு, யாரைக் காயப்படுத்தினோமோ அவர் வீட்டு வாசலைத் தாண்டி வந்தால், மணி இன்னும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

பதினோராவது அத்தியாயம்

பிரெய்டின் முடிவுரையில் ஒரு திருப்பம் உண்டு. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள். அந்தச் சோதனைக்குப் பொறுப்பாக இருந்த இயற்பியலாளர் கென்னத் பெயின்பிரிட்ஜ் அது வெடித்தவுடன் சொன்ன கசப்பான வாக்கியம் அங்கே வருகிறது. அதனால் இளவரசி என்பது அணுகுண்டையே குறிக்கிறது என்று சிலர் விளக்குகிறார்கள். அது ஒன்றுதான் அர்த்தம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் திரும்ப எடுக்கவே முடியாத ஒரு செயலைக் காட்டவேண்டும் என்றால் அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. மூன்றே வாரத்தில் ஹிரோஷிமா, அதன்பின் நாகசாகி.

அதே சோதனையைப் பார்த்தபோது கீதை தன் நினைவுக்கு வந்ததாக ராபர்ட் ஓப்பன்ஹைமர் 1965இல் தொலைக்காட்சியில் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். படம் வந்தபின் இன்னும் பிரபலம். அவர் சொன்னது பதினோராவது அத்தியாயம், விசுவரூப தரிசனம், காலமே அழிப்பவனாகத் தன்னைச் சொல்லும் இடம். நம் பிள்ளைகள் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளி, அதே அத்தியாயத்திலேயே, அர்ச்சுனன் மன்னிப்புக் கேட்கிறான்.

எதற்கு? இத்தனை நாளும் கண்ணன் யார் என்று தெரியாமல், 'ஏய் கிருஷ்ணா, ஏய் யாதவா' என்று கூப்பிட்டதற்கு. சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் விளையாட்டாகக் கேலி செய்ததற்கு. அந்த நாள்களை அழித்துவிடு என்று அவன் கேட்கவில்லை. தந்தை மகனைப் பொறுப்பதுபோல, நண்பன் நண்பனைப் பொறுப்பதுபோல நீ என்னைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறான். தான் என்ன செய்தான், எங்கே செய்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறான். எதிரே நிற்பவர் யார் என்று முழுசாகப் பார்த்தபின்தான் அந்த மன்னிப்பே அவன் வாயில் வருகிறது. டிம்முக்கு அமையாத காட்சி அது.

அப்படியானால் என்ன செய்வது?

கால இயந்திரம் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் கைப்பேசியில் அழிக்கும் வசதி இருக்கிறது, 'சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்' என்ற வசதி இருக்கிறது, 'சரி விடு, பழசைப் பேசாதே' என்ற வசதி இருக்கிறது. இவை எல்லாமே ஷிஃப்ட் விசைகள்தான். இவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தப்பான செய்தியை அழிக்கத்தான் வேண்டும், இன்னும் பத்துப் பேர் படிக்காமல் இருப்பார்கள். அழித்ததோடு நிறுத்திவிடக்கூடாது என்பதுதான் விஷயம்.

எனக்குத் தெரிந்தவரை மூன்று வேலை மிச்சம் இருக்கிறது. முதலாவது, சுமை யாரிடம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. செய்தவரின் மனசாட்சியில் தேடினால் அது கிடைக்காது, எதிராளியின் முகத்தில்தான் தெரியும். இரண்டாவது, அந்தச் சுமையில் நம்மால் தூக்கக்கூடிய பங்கைத் தூக்குவது. எண்பது பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு எண்பது பேர் முன்னால்தான் பதில் சொல்லவேண்டும். தனியாக ஒரு மெசேஜ் போதாது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டு வைப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் கொஞ்ச நேரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். அந்தக் கல் சுமையைப் போக்குவதில்லை, ஆனால் தாங்குகிறது. காயப்படுத்தியவர் காயப்பட்டவருக்குச் செய்யக்கூடியது அந்த அளவாவது இருக்கவேண்டும்.

மூன்றாவதைத் திருவள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில் சொல்லிவிட்டார். பின்னால் நினைத்து வருந்தும்படியான செயலைச் செய்யாதே, ஒருவேளை செய்துவிட்டால் அப்படிப்பட்டதை மறுபடி செய்யாமல் இருப்பது நல்லது என்கிறார். கவனித்தீர்களா? செய்ததை அழிக்க அவர் வழி சொல்லவில்லை. அடுத்த செயலைத்தான் நம் கையில் கொடுக்கிறார்.

பிரெய்ட் இன்றும் கணினியிலும் மற்ற கருவிகளிலும் கிடைக்கிறது. விடுமுறையில் ஆடிப்பாருங்கள். சில புதிர்கள் மண்டையைக் காயவைக்கும், விடையை இணையத்தில் தேடாமல் நீங்களே போராடுங்கள். ஷிஃப்ட் விசையைத் தாராளமாக அழுத்துங்கள், அங்கே யாருக்கும் வலிக்காது. ஆட்டத்தை மூடியபின் கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது மட்டும், நாம் அழித்துவிட்டு மறந்துபோன ஏதாவது ஒன்றை இன்னும் யாராவது தூக்கிக்கொண்டு நடக்கிறார்களா என்று யோசித்துப் பார்ப்போம். ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், அவரை அழைத்துப் பேசுவோம்.